கண்ணாடி போட்ட கொக்கு

போன ஆவணியில் பெருநகர் என்கிற ஊரில் ஒரு கல்யாணம். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளின் கடைசி மகனுக்கு. நம் வகுப்புக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். பாதிப் பேருக்கு முடி நரைத்திருந்தது, மீதிப் பேருக்கு நரைக்க முடியே இல்லை. பந்தியில் உட்கார்ந்ததும் பேச்சு எப்போதும்போலப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. ரைஸ்மில்காரர் மகன், இப்போது அவனே தாத்தா, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"கணக்கு சாருக்கு ஒரு கொக்கு போட்டோமே, ஞாபகம் கீதாப்பா? கண்ணாடி போட்ட கொக்கு. அத்த மொதமொதல்ல போட்டது நான்தாம்பா."

எல்லோரும் சிரித்தீர்கள். பக்கத்தில் இருந்தவர் அவன் முதுகில் தட்டினார். நான் எதிர் வரிசையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். சபையில் ஒருவன் பெருமையைப் பிடுங்கவேண்டாம் என்று நான் சும்மா இருந்ததாக நினைக்காதீர்கள். என் வாயில் சோறு இருந்தது. அதை விழுங்குவதற்குள் பேச்சு சர்க்கரை வியாதிக்குப் போய்விட்டது. உண்மை தெரிந்த இன்னொருத்தி மாப்பிள்ளையின் அம்மா. அவள் அந்த நேரத்தில் சமையல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அதனால் இங்கே எழுதுகிறேன். அந்தக் கொக்கு என்னுடையது. அது எதற்காகப் பிறந்தது என்பதை, அன்றைக்கு அந்த வகுப்பில் இருந்தும் மறந்துபோன உங்களுக்கு நான் ஞாபகப்படுத்துகிறேன்.

நாம் ஏழாவது படித்த வருஷம். எழுபதுகளின் கடைசி. ஐப்பசியிலேயே ஏரி நிரம்பிக் கலங்கலில் உபரித் தண்ணீர் வழிந்தது. நம் வகுப்பின் ஜன்னலில் பாதி ஏரி, பாதி கழனி. கணக்கு வகுப்பு மதியம் உப்புமா சாப்பிட்ட பிறகு வரும். கோதுமை ரவையில் செய்த அந்த உப்புமாவின் எண்ணெய் கையில் இருக்கும், நோட்டைத் தொட்டால் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மில்லில் நெல் அவிக்கும் வாசனை ஜன்னல் வழியாக வந்து கண்ணைச் சொருகவைக்கும். தூங்காமல் இருக்க எனக்கு ஒரே வழிதான் தெரியும். வரைவேன்.

வரைவது என்று பெரிதாகச் சொல்ல முடியாது. கை தானாகப் போகும். நோட்டின் இடது பக்கம் சிவப்புக் கோடு இருக்குமே, அதுதான் எனக்கு ஏரிக்கரை. நீலக் கோடுகள் தண்ணீர். கரைமேல் கொக்கு நிற்கும். ஒன்று கழுத்தை இழுத்துக்கொண்டு தூங்கும், ஒன்று மீனைப் பார்க்கும், ஒன்று பறக்கலாமா என்று யோசிக்கும். மாத்திரை கரைத்த நீல மை, அடிக்கடி ஒழுகும் கட்டைப் பேனா. சொட்டு விழுந்தால் அதையும் ஒரு தவளையாக்கிவிடுவேன். கணக்கு ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும், கொக்குகள் ஒரு பக்கம் வந்து இறங்கிக்கொண்டிருக்கும். கணக்கில் நான் மோசமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காது சாரிடம் இருக்கும், கைதான் வேறு வேலை பார்க்கும்.

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். மில்காரர் கழனியில் வேலை. சாயங்காலம் கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் நோட்டைக் கேட்பார்.

"இன்னிக்கி இன்னாமே வந்து எறங்கிச்சி உன் ஏரில?"

எழுத்து தெரியாதவர். கணக்கையெல்லாம் தள்ளிவிட்டு ஓரத்தை மட்டும் பார்ப்பார். "இதுக்குக் காலு எங்கமே? தண்ணிக்குள்ளயா கீது?" என்பார். நான் ஆமாம் என்றால் அதை நம்பிக்கொண்டு அடுத்த பக்கம் புரட்டுவார்.

கணக்கு சார் காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். ஒல்லி, உயரம், நீளக் கழுத்து. பேசும்போது தொண்டைமுடிச்சு மேலும் கீழும் ஓடும். தடித்த கண்ணாடி. இடது கக்கத்தில் எப்போதும் ஒரு குடை. பாடம் நன்றாக நடத்துவார், அதை மறுக்க மாட்டேன். இன்றைக்கும் நான் கூட்டிய கூட்டல் தப்பாது என்றால் அது அவர் கொடுத்தது. அடிப்பார். அதற்காகவும் எனக்கு அவர்மேல் ஒன்றுமில்லை. அந்த நாளில் அடி வாங்காத பிள்ளை யார். ஆஜர் சொல்வதுபோல அது பாட்டுக்கு நடக்கும்.

கார்த்திகையில் ஒருநாள் பின்னக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. நான் ஒரு கூட்டத்தையே இறக்கிக்கொண்டிருந்தேன். மூக்குப்பொடி வாசனை வந்த பிறகுதான் அவர் என் தலைக்கு மேலே நிற்பது தெரிந்தது. செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல நோட்டை ஒரு முனையில் தூக்கினார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லா ஓரத்திலும் கொக்கு.

"உங்கப்பன் எங்கே வேலை செய்யறான்?"

நான் ஜன்னலைக் காட்டினேன். நைனா கொஞ்ச தூரத்தில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தது வகுப்பிலிருந்தே தெரிந்தது. சார் மில்காரர் மகனை அனுப்பினார். அவன் வரப்பில் ஓடி, கையை வாயில் குவித்து ஏதோ கத்துவதைப் பார்த்தேன். நைனா மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். முழங்கால்வரை சேறு. வாசற்படியில் நின்று மூச்சு வாங்கினார்.

"இன்னாங்க ஆச்சி கொயந்தைக்கி?"

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகல. நோட்டுக்குத்தான் ஆயிருக்கு" என்றார் சார். வகுப்பு சிரித்தது. என்னை முழுசாகப் பார்த்த சந்தோஷத்தில் நைனாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், எல்லோரோடும் சேர்ந்து சிரித்த சிரிப்பு.

சார் அவரை உள்ளே கூப்பிட்டு நோட்டை முகத்துக்கு நேரே நீட்டினார். "என்ன இது?"

நைனா பார்த்தார். முந்தாநாள் சாயங்காலம் அவர் ரசித்த பக்கம் அது. "கொக்குங்க" என்றார்.

வகுப்பு மறுபடி சிரித்தது.

"கொக்குன்னு எனக்குத் தெரியாதா? ஏம்பா, நீ பொண்ணைப் படிக்க அனுப்பறியா, கொக்கு புடிக்க அனுப்பறியா?"

"வூட்ல சொல்லி வெக்கிறேன் சார்."

"வீட்டுல வேண்டாம். இங்கேயே. எல்லாரும் பாக்கட்டும்." சார் மேஜைமேல் இருந்த பிரம்பை எடுத்து நைனாவிடம் நீட்டினார். "அடிச்சு அடிச்சு என் கை ஓஞ்சுபோச்சு. உன் பொண்ணுதானே, நீ அடி. நான் பாக்கறேன்."

நைனா என்னை ஒருநாளும் அடித்தவரில்லை. பிரம்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அவருடைய தவிப்பைப் பார்க்க முடியாமல் நானே கையை நீட்டினேன். முதல் அடி காற்றுப்போல விழுந்தது.

"கொசு ஓட்டறியா?" என்றார் சார்.

அடுத்தது விழுந்தது. பிறகு இன்னொன்று. சார் போதும் என்கிறவரை விழுந்தது. நைனா என் கையையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. என் பாவாடை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரம்பை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, கும்பிட்டுவிட்டு, "வரேங்க" என்று திரும்பினார்.

"ஏம்பா" என்று சார் நிறுத்தினார். தரையைக் காட்டினார். வாசற்படியிலிருந்து மேஜைவரை நைனாவின் சேற்றுக் கால் தடம். "காலைக் கழுவிட்டு வரத் தெரியாதா?"

நைனா இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்தார். குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு தடமாகத் துடைத்துக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்து போனார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. படிவரை துடைத்து முடித்ததும் துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கழனிக்குப் போனார். சார் என் நோட்டை ஜன்னல் வழியாக எறிந்தார். அது வாய்க்காலில் விழுந்து மிதந்தது. பாடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

வீட்டில் அம்மா உள்ளங்கையில் எண்ணெய் தடவினாள். "சாரு உன் நல்லதுக்குத்தாமே செஞ்சாரு. படிச்ச மனுசன். கை நொந்தா புத்தி வரும்னு செஞ்சிகீறாரு" என்றாள். அவள் உண்மையாகவே அப்படி நம்பினாள். அடித்த கை யாருடையது என்று அவள் பேசவில்லை. நைனா சுவரைப் பார்த்துக்கொண்டு கூழ் குடித்தார். எனக்குப் புது நோட்டு வாங்கிவந்து கூடத்தில் வைத்தார், என் கையில் கொடுக்கவில்லை. அதன்பிறகு சாயங்காலங்களில் நோட்டைக் கேட்பதையும் விட்டுவிட்டார்.

சார் அடித்திருந்தால் மறந்திருப்பேன். என் நைனா கையால் என்னை அடிக்கவைத்தார். அவரை என் எதிரில் குந்தவைத்துத் துடைக்கவைத்தார். சோறு தின்றாலும் அதே நினைப்பு, தண்ணீர் தூக்கினாலும் அதே நினைப்பு. பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்கு அவ்வளவு வஞ்சமா என்று கேட்பீர்கள். இருந்தது. இப்போது முட்டி வலியும் சேர்ந்திருக்கிறது, வஞ்சம் குறையவில்லை.

முதலில் அவருடைய நாற்காலியில் காஞ்சொறி இலையைத் தேய்த்துவிடலாம் என்று நினைத்தேன். பட்ட இடமெல்லாம் அரித்துத் தடிக்கும். ஆனால் வகுப்பு முழுவதையும் போட்டு அடிப்பார், எனக்காக நீங்கள் எல்லோரும் வாங்குவீர்கள். குடையை ஒளித்துவைக்கலாம் என்று பார்த்தேன், அவர் அதைக் கக்கத்திலிருந்து எடுத்தால்தானே.

அப்படி இருக்கும்போது ஒரு மதியம் அவர் கரும்பலகையில் 2 போட்டார். அவருடைய 2 உங்களுக்கு நினைவிருக்கும். மேலே ஒரு சுழி, அப்புறம் நீளமாகச் சரிந்து இறங்கும் கழுத்து, அடியில் வாலைப்போல ஓர் இழுப்பு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது நம்பர் இல்லை. அவரேதான் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

நோட்டில் போடவில்லை. இனிமேல் என் நோட்டில் ஒரு புள்ளிகூடத் தப்பாக விழக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். மதியம் தண்ணீர்ப் பானையில் விரலை நனைத்துக்கொண்டு வந்து பெஞ்சுமேல் ஒரு 2 போட்டேன். அடியில் இரண்டு கால். தலையில் இரண்டு வட்டம், நடுவில் ஒரு சின்னக் கோடு, அது கண்ணாடி. வயிற்றோரம் சாய்வாக ஒரு கோடு, முனையில் கொக்கி, அது குடை. பக்கத்தில் இருந்தவள், அதுதான் இப்போதைய மாப்பிள்ளையின் அம்மா, பார்த்தாள். சிரிப்பை அடக்கி அடக்கி அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. அதற்குள் தண்ணீர் காய்ந்து கொக்கு போய்விட்டது.

"இன்னொரு தபா போடுமே" என்றாள்.

"நீ போடு. ரெண்டு போடத் தெரியுமில்ல? அப்பால காலு, அப்பால கண்ணாடி. ஆனா யாரு சொல்லித்தந்ததுன்னு மட்டும் சொல்லாத."

"எங்கம்மா சத்தியமா சொல்லமாட்டேன்."

சொல்லவில்லை. ஆனால் போட்டாள். அவள் தம்பி மூன்றாவது படித்தான், அவன் சிலேட்டில் போட்டான். அதன்பிறகு நான் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. 2 எழுதத் தெரிந்த யாரும் போடலாம் என்பதால் அது போய்க்கொண்டே இருந்தது. ஒன்றுக்குப் போகும் சுவரில் வந்தது. மதகின் கல்லில் வந்தது. சைக்கிள் கடைத் தகரத்தில் ஆணியால் கீறியிருந்தது. ஒருநாள் சார் ஏறிவரும் அதே பஸ்ஸின் பின்கண்ணாடியில், புழுதியில், யாரோ விரலால் போட்டிருந்தார்கள். பஸ் நின்று, சார் இறங்கி, குடையை இடுக்கிக்கொண்டு முன்னால் நடக்க, பின்னால் பஸ் அந்தக் கொக்கைத் தூக்கிக்கொண்டு உத்திரமேரூர் பக்கம் போனது. நான் புளியமரத்தடியில் நின்று பார்த்தேன். அன்று எனக்குப் பசிக்கவேயில்லை.

கொக்கு சார் கண்ணில் பட நாளாயிற்று. பட்டதும் நேராக என்னிடம்தான் வந்தார். நோட்டைப் பிடுங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினார். பின்னட்டையில் அச்சடித்த வாய்ப்பாட்டைக்கூட உற்றுப் பார்த்தார். ஓரமெல்லாம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. அவர் முகம் மலர்ந்துபோனது. நோட்டை உயரத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"பாத்தீங்களா? இப்படி இருக்கணும் நோட்டு. அப்பன் கையால வாங்கின அடி வேலை செஞ்சிருக்கு பாருங்க. அன்னிக்கு நான் அதைப் பண்ணலேன்னா இந்தப் பொண்ணு உருப்பட்டிருக்குமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கப்படுகிறேன் என்று அவர் நினைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதுவரை அவரைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் போதும் என்றிருந்தேன். அன்றோடு அது போதாமல் போய்விட்டது.

குற்றவாளியைப் பிடிக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லோரும் ஒவ்வொருவராக வந்து கரும்பலகையில் அந்தக் கொக்கைப் போடவேண்டும், நன்றாகப் போடுகிறவன் யாரோ அவனே ஆள். படித்த மனிதர், எப்படி அதை யோசித்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. போடத் தெரியாமலிருந்த இரண்டொரு சாதுப் பிள்ளைகளும் அன்றைக்குக் கற்றுக்கொண்டார்கள். என் முறை வந்தபோது வேண்டுமென்றே கோணலாக, வாத்து மாதிரி போட்டுவிட்டு வந்தேன். மில்காரர் மகன் அழகாகப் போட்டான். குடைக்குத் துணிமடிப்புகூட வைத்தான். சார் பிரம்பை ஓங்கினார், பிறகு அவன் அப்பா யார் என்று ஞாபகம் வந்து இறக்கிவிட்டார். வாங்காத அந்த அடியை வைத்துத்தான் அவன் இத்தனை வருஷம் பெருமை பேசிக்கொண்டிருக்கிறான்.

அதற்கப்புறம் சாரால் 2 போட முடியவில்லை. அவர் சாக்பீஸால் அந்தச் சுழியைத் தொடங்கினாலே பின்பெஞ்சில் யாராவது மூக்கால் ஒரு சத்தம் விடுவார்கள், வகுப்பு அவ்வளவுதான். அடித்துப் பார்த்தார். அடி வாங்கிக்கொண்டே சிரித்தோம். பிறகு 2 இல்லாத கணக்காகப் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தார். மூன்றில் ஒன்று, ஏழில் ஐந்து. விடையில் 2 வந்துவிட்டால் வாயால் சொல்லிவிட்டு வேகமாக அழிப்பார். தடுக்கி விழுகிற இடம் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து நடக்கிற மாதிரி கணக்கு நடத்தினார். சில நாள் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருக்கும். நான் முதல் பெஞ்சில், நல்ல நோட்டோடு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன்.

பொங்கல் கழிந்து இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு மாவிலை கட்டினார்கள். நம்மையெல்லாம் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அதிகாரி குட்டையான, சாந்தமான மனிதர். ஹெட்மாஸ்டரான பெரிய சாரோடு நம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார். மேஜையில் நோட்டுகள் அடுக்கியிருந்தன. மேலே இருந்தது என்னுடையது.

சார் கவனமாகத்தான் நடத்தினார். அதிகாரிதான் கெடுத்தார்.

"இதெல்லாம் கஷ்டமான கணக்கா இருக்கே சார். பிள்ளைங்களுக்குச் சுலபமா கேளுங்க. அரையும் காலும் சேர்ந்தா எவ்வளவு? அரையை எழுதிக் காட்டுங்க."

சார் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். 1 போட்டார். கீழே கோடு போட்டார். அப்புறம் சாக்பீஸ் நின்றுவிட்டது. அவர் கழுத்தில் தொண்டைமுடிச்சு ஏறி இறங்குவதைப் பக்கவாட்டில் பார்த்தேன். கடைசியில் வளைவே இல்லாமல், மூன்று நேர்க்கோட்டில், ஒடிந்த குச்சி மாதிரி ஒரு 2 போட்டார். அதுதான் மோசமாகிவிட்டது. ஒரு நிமிஷம் நாம் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். பிறகு வகுப்பே வெடித்தது. பெரிய சார் எழுந்து கத்தினார். ஒருவரும் நிறுத்தவில்லை.

அதிகாரி மேலே இருந்த நோட்டை எடுத்துப் பெயரைப் படித்தார். நான் எழுந்து நின்றேன்.

"அழகா எழுதியிருக்கியேம்மா. நீ நல்ல பொண்ணாத் தெரியற. நீ சொல்லு, எதுக்கு எல்லாரும் சிரிக்கறாங்க?"

"ரெண்டுக்கு சார்."

"ரெண்டுல சிரிக்க என்ன இருக்கு?"

"போட்டுக் காட்டட்டுமா சார்?"

நான் போய் நின்றதும் சார் சாக்பீஸைக் கொடுத்தார். அவர் கை ஈரமாக இருந்தது. அப்போது என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்கிற பார்வை அது, கெஞ்சுகிற பார்வை. பிரம்பைக் கையில் வாங்கிக்கொண்டு நைனா நின்றாரே, அதே முகம். இரக்கம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. நைனாவுக்கு அன்றைக்கு யார் இரங்கினார்கள்.

சாரின் 2-வை சார் மாதிரியே போட்டேன். சுழி, கழுத்து, வால். அவசரப்படாமல் கால்கள் போட்டேன். விரல்கள்கூடப் போட்டேன். கண்ணாடி போட்டேன். குடை போட்டேன். சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அன்றைக்குக் கோணல் வாத்து போட்டவள் இப்படிப் போடுகிறாளே என்று நீங்கள் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள், உருண்டு உருண்டு சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

அதிகாரி கொக்கைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த குடையைப் பார்த்தார். மீசை துடித்தது. கைக்குட்டையை வாயில் வைத்து இருமிக்கொண்டே வெளியே போனார். தாழ்வாரத்தில் அவர் சிரிப்பது கேட்டது. அவர் சிரிக்கிறாரே என்று பெரிய சாரும் சிரிப்பது கேட்டது.

மணி அடித்ததும் சார் எல்லோரையும் அனுப்பிவிட்டு என்னை மட்டும் நிற்கச் சொன்னார். பிரம்பைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். கண்ணாடி இல்லாமல் கண் சின்னதாக, தூங்கி எழுந்த பிள்ளை கண் மாதிரி இருந்தது.

"ஆரம்பத்திலேர்ந்து நீதானா?"

"ஆமா சார்."

"நான் உனக்கு என்ன பண்ணினேன்?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் மூன்று மாதமாகக் காத்திருந்தேன் என்று அது வந்த பிறகுதான் தெரிந்தது. "எங்க நைனாவக் கூப்ட்டு அடிக்கச் சொன்னீங்க. அப்பால நைனா காலு மண்ண நைனாவயே தொடைக்க வெச்சீங்க" என்றேன்.

சார் யோசித்தார். நடிக்கவில்லை. நிஜமாகவே எங்கெங்கோ தேடினார்.

"எப்போ?" என்றார். பிறகு, "உங்கப்பா யாரு?" என்றார்.

அவருக்கு ஞாபகமே இல்லை. என் நோட்டைத் தூக்கிக் காட்டி அப்பன் கையால் வாங்கிய அடி என்றாரே, அப்போதுகூட அவர் மனசில் அடிதான் இருந்திருக்கிறது, அடித்த மனிதன் இல்லை. தினமும் பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் காலனியைத் தாண்டித்தான் நடந்துவருகிறார். ஏரிப்பக்கம் தலையைத் திருப்பினால் நைனா நிற்பது தெரியும். உங்கப்பா யாரு என்கிறார்.

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். போட்ட கொக்கு பத்தவில்லை என்று வழியெல்லாம் தோன்றிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு நான் போவதற்கு முன்னாலேயே சேதி போய்விட்டது. மில்காரர் மகன் கழனிக்கே போய்ச் சொல்லியிருக்கிறான். நைனா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"போர்டுல இன்னாவோ வரஞ்சியாமே."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"எப்பிடி வரஞ்ச? எனக்கும் போட்டுக் காட்டு."

அவரே உள்ளே போய் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து நீட்டினார். எங்கள் வீட்டு வெளிச்சுவர் ரோட்டைப் பார்த்தது. பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு இன்னும் பளிச்சென்று இருந்தது. நான் சின்னதாக, ஓரமாகப் போட்டேன்.

நைனா தள்ளி நின்று பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் படத்தைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"கய்த்து பத்தாதுமே" என்றார். "அந்தாளு கய்த்து இன்னும் நீட்டு. அளிச்சுட்டுப் பெருசாப் போடு."

கையால் அழித்துவிட்டுப் பெரிதாகப் போட்டேன். "இன்னும்" என்றார். கூரை தொடும்வரை கழுத்தை நீட்டினேன். எட்டாதபோது என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டார். கண்ணாடியை அந்த உயரத்தில் இருந்துதான் போட்டேன்.

அம்மா சாணிக் கையோடு வெளியே வந்து பார்த்தாள். "ஐயோ, இத்தப் போயி ரோட்டு மேல போடுவாங்களா? சாரு இந்த வழியாத்தான வராரு. மில்காரரு பாத்தா வேலைக்கு வராதன்னுடுவாரு. அளிச்சுடுங்க."

"கொக்குதான போட்டுக்கீது" என்றார் நைனா. "ஏரி பக்கத்துல கொக்கு இருக்கக் கூடாதா?"

மறுநாள் காலையில் நைனா கழனிக்குப் போகவில்லை. குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சுவரோரம் நின்றார். பஸ் வந்து நின்றது. சார் இறங்கி நடந்து வந்தார். எங்கள் வீட்டுக்கு நேரே வந்ததும் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். கூடவே இறங்கியவர்களும் நின்றார்கள்.

நைனா ஓர் அடி முன்னால் வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

"எம் பொண்ணு போட்டது சார்" என்றார். "நான்தான் அவ நைனா."

சார் அவரைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். காலில் கண் நின்றது. அப்போது அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. பள்ளிக்கூடத்தைப் பார்த்து வேகமாக நடந்துபோனார்.

மில்காரர் இரண்டு தடவை ஆள் அனுப்பி அழிக்கச் சொன்னார். "கொக்குங்க அது" என்று நைனா பதில் அனுப்பினார். அடுத்த நாற்றுநடவுக்கு மில்காரர் எங்களைக் கூப்பிடவில்லை. நைனா வேறு ஊர்க் கழனிகளுக்கு நடந்தார். கோடை மழையில் கொக்கின் கால் கரைந்தது. ஆடியில் பாதி உடம்பு போனது. ஒவ்வொரு தடவையும் நைனாவே அடுப்பைக் கிளறி, நல்ல கரியாகப் பார்த்துப் பொறுக்கிவந்து என் கையில் கொடுத்தார். சார் மாற்றல் வாங்கிக்கொண்டு போகும்வரை கொடுத்தார்.